பூப்பறிக்கத் தடை, பூனைக்கும் தடை: ஸ்வால்பார்ட் தீவுகளின் இயற்கைப் பாதுகாப்புச் சட்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்வால்பார்ட் எங்கே இருக்கிறது?

நார்வேயின் வடகோடிக்கும் வட துருவத்துக்கும் ஏறக்குறைய நடுவில், ஆர்க்டிக் கடலில் கிடக்கிற தீவுக்கூட்டம் இது. பரப்பு சுமார் 61,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. அதில் பாதிக்கு மேல் பனியாறுகள்தான். மொத்த மக்கள்தொகை மூவாயிரத்தைத் தொடாது. பெரும்பாலானவர்கள் லாங்யர்பியன் என்ற சிற்றூரில் இருக்கிறார்கள். பேரன்ட்ஸ்பர்க் என்ற ரஷ்யச் சுரங்க ஊரும், நி-ஓலசுண்ட் என்ற ஆராய்ச்சிக் குடியிருப்பும் உண்டு. ஊருக்கும் ஊருக்கும் இடையே சாலை கிடையாது. குளிர்காலத்தில் சூரியன் மாதக்கணக்கில் தலைகாட்டாது. கோடையில் அது மறையவே மறையாது.

யாருடைய நாடு அது? இந்தியாவுக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறதாமே?

இருக்கிறது. 1920 பிப்ரவரி 9 அன்று பாரிஸில் கையெழுத்தான ஸ்வால்பார்ட் ஒப்பந்தம், தீவுகளின் இறையாண்மையை நார்வேக்குக் கொடுத்தது. ஆனால் சும்மா கொடுக்கவில்லை. ஒப்பந்தத்தில் சேர்ந்த எல்லா நாட்டுக் குடிமக்களும் அங்கே சமமாக வேட்டையாடலாம், மீன் பிடிக்கலாம், சுரங்கம் தோண்டலாம், தொழில் செய்யலாம் என்று நிபந்தனை வைத்தது. அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த இந்தியாவும் அந்த ஒப்பந்தத்துக்குள் வந்தது. இன்றைக்கும் இந்தியா அதில் ஒரு தரப்பு.

இயற்கைச் சட்டத்தைப் புரிந்துகொள்ள இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். எல்லாருக்கும் சம உரிமை என்றால், எல்லாரும் வந்து அள்ளிக்கொண்டு போகலாம் என்ற ஆபத்தும் கூடவே வருகிறது. அதனால் அதே ஒப்பந்தத்தின் இரண்டாவது பிரிவு, தாவரங்களையும் விலங்குகளையும் காப்பாற்றவும், அழிந்தவற்றை மீட்கவும் நார்வே விதிகள் போடலாம் என்றது. ஒரே நிபந்தனை, அந்த விதிகள் நார்வேக்காரர் உட்பட எல்லாரையும் ஒரே மாதிரி கட்டுப்படுத்த வேண்டும். எடுப்பதில் எல்லாரும் சமம் என்றால், தடுப்பதிலும் எல்லாரும் சமம். நூறு வருடம் கழித்தும் அங்கே வருகிற ஒவ்வொரு விதியும் இந்தத் தராசில்தான் நிறுக்கப்படுகிறது.

சட்டம் வருவதற்கு முன் அங்கே என்ன நடந்தது?

கேட்கவே வருத்தமாக இருக்கும். 1596-இல் டச்சு மாலுமி வில்லெம் பாரன்ட்ஸ் தீவுகளைக் கண்டார். அடுத்த சில பத்தாண்டுகளிலேயே திமிங்கில வேட்டைக்காரர்கள் படையெடுத்தார்கள். ஸ்மீரன்பர்க் என்ற இடத்தில் டச்சுக்காரர்கள் கரையிலேயே அடுப்பு கட்டி, திமிங்கிலக் கொழுப்பைக் காய்ச்சி எண்ணெய் எடுத்தார்கள். அந்தக் கடலில் நிறைந்திருந்த வில்தலைத் திமிங்கிலங்கள் அநேகமாக இல்லாமலே போயின.

திமிங்கிலத்தோடு, வால்ரஸ் என்ற தந்தமுள்ள கடல் விலங்கையும் விடவில்லை. தந்தத்துக்கும் தோலுக்கும் கொழுப்புக்குமாக மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் கொன்றார்கள். கரையில் கூட்டமாகப் படுத்திருக்கிற பிராணி அது, தரையில் வேகமாக ஓடவும் முடியாது. 1952-இல் வால்ரஸ் வேட்டையைத் தடை செய்தபோது தீவுகளில் அவை அற்றுப்போகும் நிலையில் இருந்தன. தீவுக்கே உரிய குட்டைக்கால் துருவமானுக்கும் அதே கதிதான். அதற்கு 1925-இலேயே தடை வந்தது.

பனிக்கரடிக்கு வைத்த பொறி இன்னும் கொடுமை. ஒரு மரப்பெட்டிக்குள் துப்பாக்கியைப் பொருத்தி, விசையில் கயிறு கட்டி, கயிற்றின் முனையில் இறைச்சியை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். கரடி தலையை நீட்டி இறைச்சியை இழுத்தால் குண்டு பாயும். குட்டிகளோடு வந்த தாய் செத்தால் குட்டிகளின் கதி என்ன என்று யாரும் பார்க்கவில்லை. 1973 நவம்பரில் கனடா, டென்மார்க், நார்வே, சோவியத் யூனியன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளும் ஓஸ்லோவில் பனிக்கரடிப் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பனிப்போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. ஒரு மிருகத்துக்காக அந்த இரண்டு வல்லரசுகளும் ஒரே மேசையில் உட்கார்ந்தன என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் நெகிழ்ச்சியாக இருக்கிறது. அதே ஆண்டிலிருந்து ஸ்வால்பார்டில் பனிக்கரடிக்கு முழுப் பாதுகாப்பு.

இப்போது நடைமுறையில் இருக்கும் முக்கியச் சட்டம் எது?

ஸ்வால்பார்ட் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். நார்வே 2001 ஜூன் 15 அன்று இயற்றியது, 2002 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. நிலம் மட்டுமில்லை, 12 கடல் மைல் வரையிலான கடலும் இதற்குள் வரும்.

இதன் அடிப்படையை ஒரே வரியில் சொல்லிவிடலாம். வேறு பல இடங்களில் பாதுகாக்கப்பட்ட உயிரினங்களின் பட்டியல் இருக்கும், அதில் பெயர் இல்லாதது மனிதன் கையில். இங்கே தலைகீழ். எல்லா உயிரும் பாதுகாக்கப்பட்டதுதான், சட்டம் தனியாகச் சொல்லி அனுமதித்தால் மட்டுமே தொடலாம். அங்கே தங்குகிற, தொழில் செய்கிற ஒவ்வொருவரும் இயற்கைக்கும் பழைய சின்னங்களுக்கும் தேவையில்லாத சேதமோ தொந்தரவோ வராமல் கவனமாக நடந்துகொள்ளக் கடமைப்பட்டவர் என்றும் சொல்கிறது. ஒரு செயலின் பாதிப்பு என்னவென்று தெரியாதபோது சந்தேகத்தின் பலன் இயற்கைக்கே போக வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கொள்கையும் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது.

எவ்வளவு இடம் பாதுகாக்கப்பட்டிருக்கிறது?

நிலத்தில் ஏறத்தாழ 65 சதவீதம். ஏழு தேசியப் பூங்காக்கள், பெரிய இயற்கைக் காப்பிடங்கள், 15 பறவைச் சரணாலயங்கள். முதல் மூன்று பூங்காக்களும் இரண்டு பெரிய காப்பிடங்களும் பறவைச் சரணாலயங்களும் 1973-இலேயே வந்துவிட்டன. கிழக்கே கோங் கார்ல்ஸ் லாண்ட் என்ற தீவுத்தொகுதி இருக்கிறது. பனிக்கரடிகள் குகை தோண்டிக் குட்டி போடுகிற முக்கியமான இடம். அங்கே ஆண்டு முழுவதும் யாரும் கால் வைக்கக் கூடாது, கரையிலிருந்து 500 மீட்டருக்குள் கப்பலும் வரக் கூடாது. மனிதர் யாரும் போகாத பிரசவ அறை என்றே அதைச் சொல்லலாம்.

பனிக்கரடியை எவ்வளவு பக்கத்தில் போய்ப் பார்க்கலாம்?

2025 ஜனவரி 1 முதல் தூரம் மீட்டர் கணக்கில் சட்டமாகிவிட்டது. சாதாரணமாக 300 மீட்டர். மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை 500 மீட்டர். எதிர்பாராமல் அதைவிடப் பக்கத்தில் கரடியைப் பார்த்துவிட்டால், அங்கேயே நின்று படம் எடுக்கக் கூடாது, விலகிப் போக வேண்டும். படகில் இருந்தாலும் இதே விதிதான்.

இதற்கு முன்பு, தொந்தரவு தரும் வகையில் கரடியைத் தேடிப் போவது, துரத்துவது, இரை காட்டி வரவழைப்பது எல்லாம் குற்றம் என்று மட்டும் இருந்தது. எது தொந்தரவு என்பதில் ஆளுக்கு ஒரு வாதம். கரடி தலையைத் தூக்கிப் பார்த்தாலே தொந்தரவா, எழுந்து நடந்தால்தான் தொந்தரவா? மீட்டர் கணக்கு வந்த பிறகு அந்த வாதத்துக்கு இடமில்லை.

மார்ச் முதல் ஜூன் வரை ஏன் கூடுதல் தூரம் என்றால், அந்த மாதங்களில்தான் தாய்க்கரடி சின்னக் குட்டிகளோடு குகையை விட்டு வெளியே வருகிறது. மாதக்கணக்கில் சாப்பிடாமல் பால் கொடுத்த உடம்பு அது. கரடியின் இரையான சீல் என்ற கடற்பிராணிகள் கடல்பனி மேல் குட்டி போடுகிற பருவமும் அதுதான், கரடி வருடத்துக்கு வேண்டிய கொழுப்பைச் சேர்க்கிற பருவமும் அதுதான். ஒரு சீலுக்காக மணிக்கணக்கில் காத்துக் கிடக்கிற கரடியை நம் ஸ்னோமொபைலின், அதாவது பனியில் ஓடும் மோட்டார் வண்டியின், சத்தம் கலைத்துவிட்டால், அதன் ஒரு வேளைச் சாப்பாடு போயிற்று. நமக்கு அது ஒரு புகைப்படம் மட்டுமே.

கரடியே நம்மை நோக்கி வந்தால்?

ஊரை விட்டு வெளியே போகிறவர்கள் கரடியை விரட்டுவதற்கான சாதனங்களை வைத்திருக்க வேண்டும். சமிக்ஞைத் துப்பாக்கி போன்றவை. கைத்துப்பாக்கியோ ரைஃபிளோ எடுத்துப் போகும்படி நிர்வாகம் அறிவுறுத்துகிறது. சுற்றுலாப் பயணிகள் ஆயுதம் ஏந்திய வழிகாட்டியோடு போவார்கள். உயிருக்கு ஆபத்து என்ற கடைசிக் கட்டத்தில் சுடலாம். ஆனால் சுட்டால் உடனே ஆளுநர் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஒவ்வொரு சம்பவமும் போலீஸ் விசாரணைக்குப் போகும். கூடாரத்தில் சாப்பாட்டைத் திறந்து வைத்தீர்களா, இரவுக் காவல் போட்டீர்களா, வேறு வழியே இல்லையா என்று கேட்பார்கள்.

2018 ஜூலையில் ஒரு பயணக் கப்பலின் காவலரைக் கரையில் கரடி தாக்க, சக ஊழியர்கள் கரடியைச் சுட்டார்கள். செத்துக் கிடந்த கரடியின் படம் உலகம் முழுக்கப் பரவி, இவர்கள் ஏன் அங்கே போனார்கள் என்ற கோபம் கிளம்பியது. மறுபக்கமும் இருக்கிறது. 2020 ஆகஸ்டில் லாங்யர்பியன் பக்கத்து முகாம் மைதானத்தில் கரடி தாக்கி ஒருவர் இறந்தார். ஆக, தூரம் என்பது இரண்டு பேர் உயிருக்கும் சேர்த்து வைத்த வேலி.

அப்படியானால் வேட்டையே கிடையாதா?

உண்டு, அளவோடு. துருவமான், ஆர்க்டிக் நரி, பனிக்கௌதாரி, சில சீல் வகைகள், சில பறவைகளை உரிமம் பெற்று, குறிப்பிட்ட பருவத்தில், குறிப்பிட்ட பகுதியில் வேட்டையாடலாம். துருவமான் வேட்டை 1983-இல் மீண்டும் தொடங்கியது, அங்கே குடியிருப்பவர்களுக்கு மட்டும், கட்டுப்பாட்டோடு. இன்று தீவுகளில் சுமார் 22,000 துருவமான்கள் இருப்பதாக மதிப்பீடு. லாங்யர்பியன் தெருக்களிலேயே மேய்ந்துகொண்டு திரிகின்றன. வேட்டையை நான் விரும்புகிறவன் இல்லை. ஆனால் அழிவின் விளிம்பில் இருந்த ஒரு விலங்கை மீட்டு, அதன் பிறகு எண்ணிப் பார்த்து அனுமதி கொடுப்பதைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை.

வால்ரஸ் மீண்டுவிட்டதா?

மெதுவாக மீள்கிறது. 2006-இல் வானிலிருந்து படம் எடுத்துக் கணக்கிட்டபோது 2,629 என்று மதிப்பிட்டார்கள், 2012-இல் 3,886. தடை போட்டு அறுபது வருடம் கழித்து வந்த எண்கள் இவை. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு குட்டி போடுகிற பிராணி, அவசரப்படுத்த முடியாது. இப்போது வால்ரஸ் படுத்திருக்கும் கரையிலிருந்து கப்பல்கள் 150 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், வேகம் மணிக்கு 5 கடல் மைலைத் தாண்டக் கூடாது. பயந்து எல்லாம் ஒரே நேரத்தில் தண்ணீருக்குள் பாய்ந்தால் குட்டிகள் நசுங்கிவிடும்.

பறவைகளுக்கு?

சரணாலயங்களில் மே 15 முதல் ஆகஸ்ட் 15 வரை மனிதருக்கு அனுமதி இல்லை. சுற்றிலும் 300 மீட்டர் கடலுக்கும் அதே தடை. தரையில் கூடு கட்டுகிற ஈடர் வாத்தும் காட்டு வாத்துகளும் அடைகாக்கும் காலம். மனிதனைக் கண்டு தாய் எழுந்து போன சில நிமிடங்களில் கடற்காகமோ நரியோ முட்டைகளைத் தின்றுவிடும்.

ஒரு பூ, ஒரு எலும்பு, ஒரு பழைய ஆணி நினைவுக்கு எடுத்துக்கொள்ளலாமா?

பூ கூடாது. செடிகள் எல்லாமே பாதுகாக்கப்பட்டவை. காளானும் கடற்பாசியும் சொந்த உபயோகத்துக்கு எடுக்கலாம். உள்ளங்கை அகலம் கூட இல்லாத ஒரு செடி அங்கே எத்தனையோ வருடமாக வளர்ந்துகொண்டிருக்கும்.

ஆணியும் கூடாது. 1946-க்கு முந்தைய மனிதச் சுவடு எதுவாக இருந்தாலும் அது தானாகவே பாதுகாக்கப்பட்ட சின்னம். குடிசை, உடைந்த படகு, துருப்பிடித்த தகரம், ஆணி, எதுவும் விலக்கில்லை. நிலையாக ஓரிடத்தில் இருக்கும் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் வளையமும் காப்பு. அந்த வளையத்துக்குள் கூடாரம் அடிக்கவோ தீ மூட்டவோ கூடாது.

எலும்பு விஷயம்தான் என் மனதைத் தொட்டது. திமிங்கிலத்தையும் வால்ரஸையும் வெட்டிப் போட்ட களங்களில் கிடக்கும் எலும்புகளும், பனிக்கரடிக்கு வைத்த அந்தத் தானியங்கித் துப்பாக்கிப் பொறிகளில் மிஞ்சியவையும், மனிதக் கல்லறைகளும் எந்தக் காலத்தைச் சேர்ந்தவையானாலும் பாதுகாக்கப்பட்டவை. அதாவது தன் மக்கள் செய்த கொலைக்கான சாட்சியத்தைத் துடைத்துவிடாமல், கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும் என்று ஒரு நாடு சட்டம் போட்டு வைத்திருக்கிறது.

அங்கே சாவதே சட்டவிரோதம் என்கிறார்களே?

இணையத்தில் சுற்றுகிற கதை. அப்படி ஒரு சட்டம் இல்லை. நிலத்தடி மண் நிரந்தரமாக உறைந்திருப்பதால் சவப்பெட்டி வைத்துப் புதைப்பதில்லை, அவ்வளவுதான். அஸ்திக் கலசத்தை அனுமதி பெற்றுப் புதைக்கலாம்.

பூனைக்கு ஏன் தடை?

இரண்டு காரணம். ஆர்க்டிக் நரிகளிடம் வெறிநாய்க்கடி நோய்க் கிருமி இருக்கிறது, பூனை அதை வீட்டுக்குள் கொண்டு வரலாம். அப்புறம், தரையில் கூடு கட்டும் பறவைகளுக்குப் பூனை எமன். நாய் வளர்க்கலாம், ஆனால் அது கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும்.

வெளியிலிருந்து வரும் உயிர்கள் விஷயத்தில் இந்தக் கண்டிப்புக்கு ஒரு முன்கதை உண்டு. கிரூமான்ட் என்ற பழைய ரஷ்யச் சுரங்கப் பகுதியில் ஒரு வகை வயலெலி கப்பல் சரக்கோடு வந்து குடியேறிவிட்டது. அதனால் என்ன என்று கேட்கலாம். நரியின் உடலில் வாழும் ஒரு நாடாப்புழு தன் வாழ்க்கைச் சுழற்சியை முடிக்க அப்படி ஓர் எலி வேண்டும். எலி வந்தது, புழுவும் நிலைத்தது. மனிதனுக்கும் தொற்றக்கூடிய, ஈரலை அரிக்கிற ஒட்டுண்ணி அது.

2025 விதிகள் சுற்றுலாக் கப்பல்களை எப்படிப் பாதிக்கின்றன?

பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் வரும் கப்பலில் 200 பயணிகளுக்கு மேல் இருக்கக் கூடாது. அந்தப் பகுதிகளில் கரையிறங்க 43 இடங்கள் மட்டும். கரையோடு ஒட்டி உறைந்திருக்கும் கடல்பனியை உடைத்துக்கொண்டு கப்பல் போகக் கூடாது. பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் ட்ரோன் கூடாது. இது தவிர, 2022 தொடக்கத்திலிருந்து தீவுகளைச் சுற்றியுள்ள கடல் முழுவதும் கனரக எரியெண்ணெய்க்குத் தடை. தார் போன்ற அந்த எண்ணெய் குளிர்ந்த நீரில் கொட்டினால் ஆவியாகாது, அள்ளவும் முடியாது.

உள்ளூர்க்காரர்கள் இதை ஏற்றுக்கொண்டார்களா?

எல்லாரும் இல்லை. பயண நிறுவனங்களும் வழிகாட்டிகளும் பலமாக எதிர்த்தார்கள். சின்னப் படகில் பன்னிரண்டு பேரை அழைத்துப் போகிறவருக்கும் பெரிய கப்பலுக்கும் ஒரே தூரமா, பொறுப்பாக நடந்துகொண்டவர்களையும் சேர்த்துத் தண்டிப்பதா என்று கேட்டார்கள். கரையிறங்க 43 இடங்கள் என்றால் எல்லாக் கப்பலும் அங்கேயே குவியும், மிதிபட்டே அந்த இடங்கள் பாழாகும் என்பது அவர்கள் வாதங்களில் ஒன்று. இந்தக் கடைசி வாதத்தில் நியாயம் இருப்பதாக எனக்குப் படுகிறது. நிர்வாகம் அந்தக் கரைகளைத் தொடர்ந்து கண்காணித்து, தேய்மானம் தெரிந்தால் இடத்தை மாற்றத் தயங்கக் கூடாது. ஆனால் தூரக் கணக்கில் நான் விதியின் பக்கம். எல்லா வழிகாட்டியும் நல்லவராக இருந்தாலும், ஒரே கரடியை ஒரே நாளில் ஐந்து நல்ல வழிகாட்டிகள் பார்க்க வந்தால் அந்தக் கரடிக்கு அது கெட்ட நாள்தான்.

ஸ்னோமொபைல் ஓட்டலாமா?

பனி மூடி, தரை உறைந்திருக்கும்போது மட்டும், குறித்த பகுதிகளில். குடியிருப்பவர்களுக்குப் பரந்த பகுதி, வெளியாருக்குக் குறைந்த பகுதி. சில ஃபியோர்டுகளில் (மலைகளுக்கு நடுவே உள்ளே நீளும் கடல் கிளைகள்) மார்ச் 1-க்குப் பிறகு கடல்பனி மேல் ஓட்டுவதற்குக் கடும் கட்டுப்பாடு உண்டு. வெறும் தரையில் சாலைக்கு வெளியே எந்த வண்டியும் கூடாது. அந்த மண்ணில் பதிந்த சக்கரத் தடம் பல பத்தாண்டுகள் அழியாது.

நிலக்கரி தோண்டிய இடத்தில் இவ்வளவு பேசுவது முரணாக இல்லையா?

முரண்தான். லாங்யர்பியனே நிலக்கரிக்காகப் பிறந்த ஊர். ஆனால் அந்தக் கணக்கையும் சட்டம் தீர்க்க வைக்கிறது. தொழிலை மூடுகிறவர் இடத்தைச் சுத்தம் செய்து, முடிந்தவரை பழையபடி ஆக்கிக் கொடுக்க வேண்டும். ஸ்வேயா சுரங்கத்தை மூட 2017-இல் முடிவெடுத்தார்கள். பிறகு விமான ஓடுபாதை, குடியிருப்பு, சாலை எல்லாவற்றையும் பிரித்தெடுத்து, மண்ணை மலைச்சரிவின் பழைய வடிவத்துக்கே இழைத்துவிட்டார்கள். 1946-க்கு முந்தைய சில கட்டடங்களை மட்டும் விட்டு வைத்தார்கள், ஆணிக்குச் சொன்ன அதே விதிப்படி. அந்த இடம் இப்போது ஒரு தேசியப் பூங்காவின் மடியில் இருக்கிறது. லாங்யர்பியன் அருகே எஞ்சியிருந்த கடைசி நார்வே சுரங்கமும் 2025-இல் மூடப்பட்டது.

யார் கண்காணிக்கிறார்கள்? மீறினால் என்ன ஆகும்?

சிசெல்மெஸ்டர் என்று அழைக்கப்படும் ஆளுநர். போலீஸ் தலைவரும் அவரே. ஹெலிகாப்டர், ரோந்துக் கப்பல், கோடைக்காலக் களக் காவலர்கள் என்று ஏற்பாடு உண்டு. மீறினால் அபராதம், கடுமையான குற்றத்துக்குச் சிறையும் உண்டு. தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது.

இந்திய விஞ்ஞானிகளுக்கும் இந்தச் சட்டம் பொருந்துமா?

முழுக்கப் பொருந்தும். நி-ஓலசுண்டில் 2008 முதல் இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் இயங்குகிறது. காங்ஸ்ஃபியோர்டில் 2014-இல் கடலுக்கடியில் ஒரு கண்காணிப்புக் கருவித்தொகுதியும் நிறுவினார்கள். ஆய்வு என்பதற்காகச் சலுகை கிடையாது. விலங்கைப் பிடிக்கவோ, செடியை எடுக்கவோ, பாதுகாக்கப்பட்ட பகுதியில் கருவி வைக்கவோ ஆளுநரின் அனுமதி தேவைப்படும்.

பனியே உருகிக்கொண்டிருக்கும்போது இந்த விதிகளால் என்ன பயன்?

கஷ்டமான கேள்வி, நேர்மையாகவே பதில் சொல்கிறேன். ஸ்வால்பார்ட் உலகச் சராசரியை விடப் பல மடங்கு வேகமாகச் சூடாகிறது. மேற்குக் கரை ஃபியோர்டுகள் பல, குளிர்காலத்திலும் சரியாக உறைவதில்லை. கடல்பனி இல்லாமல் கரடிக்கு சீல் கிடைக்காது. பட்டினி நாட்களில் பறவை முட்டைகளைத் தின்கின்றன, துருவமானைத் துரத்துகின்றன. இதை லாங்யர்பியனில் உட்கார்ந்து போடும் எந்தச் சட்டமும் நிறுத்தாது. புகை வெளியேறுவது வேறெங்கோ.

ஆனால் வெப்பத்தால் ஏற்கெனவே தவிக்கிற உயிருக்கு, படகு, ட்ரோன், ஸ்னோமொபைல் என்ற கூடுதல் சுமையையாவது குறைக்கலாம். உறைபனியை உடைக்கத் தடையும், மார்ச்சுக்குப் பிறகு அந்தப் பனி மேல் கட்டுப்பாடும் வந்தது இதற்காகத்தான். எஞ்சியிருக்கிற பனி சீலுக்கும் கரடிக்கும் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

போவதாக இருந்தால் ஏதாவது கட்டணம் உண்டா?

உண்டு. 2007 முதல் வருகையாளர் ஒவ்வொருவரும் சுற்றுச்சூழல் கட்டணம் செலுத்துகிறார்கள். தொடக்கத்தில் 150 நார்வே குரோனர் என்று வைத்தார்கள். விமான அல்லது கப்பல் டிக்கெட்டிலேயே சேர்ந்துவிடும். அந்தப் பணம் ஸ்வால்பார்ட் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிதிக்குப் போகிறது. கரையொதுங்கும் மீன்வலைகளையும் பிளாஸ்டிக்கையும் அள்ளுவது, பழைய குடிசைகளைப் பராமரிப்பது, ஆய்வு ஆகியவற்றுக்குச் செலவாகிறது. இன்னொன்று, தீவுகளுக்கு விசா தேவையில்லை என்று படித்துவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். நார்வே வழியாகத்தான் போக வேண்டும் என்பதால் இந்தியர்களுக்கு ஷெங்கன் விசா, அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா, வேண்டும். தீவுகள் ஷெங்கனுக்கு வெளியே இருப்பதால், திரும்பி வரும்போது மறுபடி ஷெங்கனுக்குள் நுழைவதாகக் கணக்கு, ஆகவே இருமுறை நுழைவு விசாவாகக் கேட்டு வாங்குங்கள்.